மின்னலைப் படம் பிடித்தல்

மின்னலை வரையச் சொன்னால் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரிதான் வரைவார்கள். ரம்பத்தின் பற்களைப் போல ஒடித்து ஒடித்து ஒரு கோடு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் இதைக் கண்டவன் நான். பிள்ளைகளைச் சொல்வானேன்? மேலைநாட்டு ஓவியர்களும் நெடுங்காலம் அப்படித்தான் தீட்டி வந்தார்கள். மின்னல் அவ்வாறு இல்லை என்று காட்ட முனைந்தவர் வில்லியம் ஜென்னிங்ஸ் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர். 1882-ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் அவர் மின்னலைப் படம் எடுத்தார். உண்மையான மின்னலுக்கு ரம்பப் பற்கள் இல்லை. நீர் வற்றிய ஆற்றைப் போல வளைந்து, கிளையும் துணைக்கிளையுமாகப் பிரிந்து ஓடும் ஒளி அது.

கண் இமைக்கும் நேரத்தில் மறைந்துவிடும் மின்னலைக் கேமரா எங்ஙனம் பிடிக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். மின்னலைக் கண்ட பிறகு விசையை அழுத்துகிறவனுக்குப் பெரும்பாலும் இருட்டுதான் மிஞ்சும். கண் கண்டதை மூளை உணர்ந்து விரல் அசைவதற்குள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு வினாடி கழிந்துவிடுகிறது. ஆகவே, மின்னல் வருவதற்கு முன்பே கேமராவின் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். இரவில் கேமராவை முக்காலியின்மேல் அசையாமல் நிறுத்தி, பதினைந்து இருபது வினாடி கதவைத் திறந்து வைக்கிறோம். இருளில் ஏதும் பதிவதில்லை. இடையே மின்னல் தோன்றினால், அது தன் படத்தைத் தானே வரைந்துவிட்டுப் போகிறது.

பிலிம் சுருள் இருந்த காலத்தில் எனக்கும் இந்தப் பித்து இருந்தது. சித்திரை மாதத்து மாலைகளில் மேற்கு மலைகளின்மேல் கோடை இடிமேகம் கோபுரம்போல் எழும். உள்ளிருந்து அது பளிச்சிடுவதைக் காணும்போது வயது மறந்துபோகும். சுருளில் உள்ள முப்பத்தாறு படங்களையும் ஓர் இரவில் செலவிட்டால் ஒன்றோ இரண்டோ தேறும். மற்றவை வெறும் கறுப்பு. “ஒன்றுமே விழவில்லை, ஐயா” என்று படம் கழுவித் தருகிறவர் அனுதாபத்தோடு சொல்வார். அந்த ஒன்றுக்காகத்தானே விழித்திருந்தோம் என்பதை அவருக்கு விளக்க முடியாது.

இந்தப் பொறுமையில் என்னை வெகுதூரம் விஞ்சியவர் சார்லஸ் வெர்னான் பாய்ஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. சுழலும் லென்சுகள் கொண்ட ஒரு கேமராவை அவர் 1900-ஆம் ஆண்டிலேயே அமைத்தார். மின்னலின் எந்தப் பகுதி முன்னே, எது பின்னே என்று அதனால் பிரித்தறியலாம். ஆனால் அவருக்கு நல்ல படம் ஒன்று வாய்த்தது 1928-இல்தான்! பின்னர் 1930-களில், இடிமழைக்குப் பெயர்போன தென்னாப்பிரிக்காவில், பேசில் ஷோன்லண்ட் என்பவரும் அவருடைய துணைவர்களும் அதே வகைக் கேமராவால் மின்னலின் நடையையே கண்டறிந்தார்கள்.

அந்த நடை வியப்பானது. முதலில் மேகத்திலிருந்து மங்கலான கீற்று ஒன்று புறப்படுகிறது. ஏறக்குறைய 50 மீட்டர் பாய்கிறது, வினாடியில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு நேரம் தயங்குகிறது, மீண்டும் பாய்கிறது. இவ்வாறு அது தரையை நெருங்கும்போது, மரம், கோபுரம், மனிதன் என்று உயர்ந்து நிற்பவற்றிலிருந்து சிறு மின்கீற்றுகள் மேல்நோக்கி எழுகின்றன. அவற்றுள் ஒன்று மேலிருந்து வருவதோடு இணைந்த கணத்தில் பேரொளி பிறந்து, கீழிருந்து மேலாக ஓடுகிறது. நம் கண்ணைப் பறிப்பது அந்த ஒளியே.

கேமராவோடு மொட்டை மாடிக்கு ஏறுகிறவர் இதைத்தான் நினைவிற் கொள்ள வேண்டும். மின்னல் அவரைத் தேடி வருவதில்லை. அண்டையில் இறங்கும்போது, அதை எதிர்கொள்ள எழும் கீற்று அவர் தலையிலிருந்தே எழக்கூடும். 1975-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் செக்கோயா தேசியப் பூங்காவில், மோரோ என்னும் பாறையின் உச்சியில் அண்ணனும் தம்பியும் நின்றிருந்தார்கள். இருவர் தலைமயிரும் குத்திட்டு நின்றது. அந்த வேடிக்கையைச் சிரித்துக்கொண்டே படம் எடுத்தார்கள். மயிர் நிமிர்வது மின்னல் இறங்கப்போவதற்கு அடையாளம் என்பதை அவர்கள் அறியார். சற்று நேரத்தில் மின்னல் தாக்கித் தம்பி நினைவிழந்து விழுந்தான். நம் நாட்டிலும் 2021 ஜூலையில், ஜெய்ப்பூர் ஆமேர் கோட்டைக்கு அருகிலுள்ள காவற்கோபுரத்தில் மழையை ரசிக்கவும் தம்மைத் தாமே படம் எடுக்கவும் ஏறியவர்கள்மேல் மின்னல் விழுந்தது, பதினொருவர் மாண்டனர்.

“மின்னல் தொலைவில்தானே இருக்கிறது?” என்று என் பேரன் கைப்பேசியை ஏந்திக்கொண்டு கேட்கிறான். மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட வினாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால், எத்தனை கிலோமீட்டர் தொலைவு என்பது கிடைக்கும். கணக்குச் சரிதான், ஆனால் அது நடந்து முடிந்த மின்னலின் தொலைவு. அடுத்தது எங்கே விழும் என்று அது சொல்லாது. மழை பெய்யும் இடத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் இறங்குவதுண்டு. இடி காதில் விழும் தொலைவும் ஏறக்குறைய அவ்வளவே. எனவே இடி கேட்டால் உள்ளே வந்துவிட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி கழியும்வரை வெளியே செல்லலாகாது. எங்கள் பாட்டிமார் இடி இடித்தால் “அருச்சுனா, அருச்சுனா” என்பார்கள். அப்போதும் அவர்கள் வீட்டுக்குள் இருந்துதான் அழைத்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

திண்ணை, தகரக் கொட்டகை, மரத்தடி ஆகிய மூன்றும் உதவா. உறுதியான கட்டடத்தின் உள்ளறை வேண்டும். அல்லது கூரையும் உடலும் உலோகமாக அமைந்த கார், கண்ணாடிகளை ஏற்றியபடி. சாத்திய சன்னலுக்கு நாலடி பின்னால், கம்பியைத் தொடாமல் முக்காலியை நிறுத்தலாம். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடியில் உங்கள் முகந்தான் விழும்.