உங்களுக்குத் தெரியுமா? மூங்கிலை மேடையேற்றிய பன்னாலால் கோஷ்

வட இந்தியாவில் புல்லாங்குழலை நாட்டுப்புறக் கருவி என்றே ஒதுக்கியிருந்த காலம். இன்றைய வங்கதேசத்தின் பரிசாலில் 1911இல் பிறந்த பன்னாலால் கோஷ், ஏறத்தாழ 32 அங்குல நீளத்துக்கு மூங்கில் குழல் செய்து, ஏழாவது விரல்துளையும் சேர்த்து, ஆழ்ந்த ஆலாபனையை அதில் கொண்டுவந்தார். பேரும் புகழும் வந்த பிறகும் 1947இல் இசை மேதை அலாவுதீன் கானிடம் மாணவராகச் சேர்ந்தார். பன்னாலாலிடம் நான் பெரிதும் வியப்பது இதைத்தான். 1956இல் டில்லி அகில இந்திய வானொலியின் தேசிய வாத்தியக் குழுவுக்கு நெறியாளரானார். தேவேந்திர முர்தேஷ்வர் போன்ற சீடர்களை உருவாக்கிவிட்டு 1960இல் மறைந்தார். இத்தகைய நீளக் குழலைக் கர்நாடக இசை மேடைக்குக் கொண்டுவந்தவர் நம் திருவாரூர் என். ரமணி.

சிரம்பான், போர்ட்டிக்சன் தோட்டப்புறப் பெற்றோரே, பிள்ளை குழல் கேட்டால் தயங்காமல் வாங்கிக் கொடுங்கள்.