கார் நிற்கும் தரைக்கும் பில் வேண்டும்

வீட்டு வேலை முடியும் கட்டத்தில் கையில் காசும் இருக்காது, பொறுமையும் இருக்காது. போர்டிகோவுக்குத் தரை போடும் பேச்சு அப்போதுதான் வரும். கல், கூலி எல்லாம் சேர்த்து சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு துண்டுத் தாளில் எழுதித் தருவார்கள். நாமும் நிறத்தையும் டிசைனையும் பார்த்துச் சரி என்போம். இரண்டு மழைக்காலம் போனதும் டயர் ஏறும் தடத்தில் கல் அமுங்கித் தண்ணீர் தேங்கும். அப்போது கேள்வி கேட்கப் போனால், அந்தத் தாளில் கல்லின் கனம்கூட எழுதப்பட்டிருக்காது.

இன்டர்லாக் பேவர் கல்லுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பி.ஐ.எஸ்.) ஐ.எஸ். 15658 என்ற தரநிலையை வகுத்திருக்கிறது. ஆள் மட்டும் நடக்கும் இடத்துக்கு 50 மி.மீ. கனம், எம்-30 வலிமை. கார் ஏறி இறங்கும் இடத்துக்கு 60 மி.மீ., எம்-35. அடுக்குமாடி வளாகத்துக்குள் தண்ணீர் லாரி வந்து போகுமென்றால் 80 மி.மீ., எம்-40 போடுவதே நல்லது. ஏமாற்று பெரும்பாலும் அந்த 10 மி.மீ.யில்தான் நடக்கிறது. 60 என்று பேசி 50 இறக்கினால், பதித்த பிறகு யாருக்கும் தெரியாது. கல் லாரியிலிருந்து இறங்கும்போதே ஸ்கேலை வைத்து அளந்துவிடுங்கள்.

வலிமையை வீட்டில் சோதிக்க முடியாது. தண்ணீர் உறிஞ்சுவதை ஓரளவு சோதிக்கலாம். நன்றாக வெயிலில் காய்ந்த கல்லை எடை போட்டு, ஒரு நாள் முழுக்க நீரில் ஊறவைத்து, ஈரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். கூடிய எடை சராசரியாக 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது தரநிலை. 4 கிலோ கல் என்றால் 240 கிராம். ஆய்வகத்தில் அடுப்பில் வைத்து முழுதாக உலர்த்திய எடையைத்தான் கணக்கில் எடுப்பார்கள். வெயிலில் காய்ந்த கல்லில் கொஞ்சம் ஈரம் மிஞ்சியிருக்கும் என்பதால் வீட்டுக் கணக்கு குறைவாகவே காட்டும். அப்படியிருந்தும் கூடிய எடை 6 சதவீதத்தைத் தாண்டினால் அந்த லோடைத் திருப்பி அனுப்புவதே மேல்.

கல் நல்லதாக இருந்தும் தரை அமுங்குவதுண்டு. குற்றவாளி அடியில் இருக்கிறது. புது வீட்டில் போர்டிகோ என்பது பெரும்பாலும் கட்டட வேலையில் மிஞ்சிய மண்ணும் உடைசலும் கொட்டி நிரப்பிய இடம். அதை நனைத்து இறுக்கி, மேலே ஜல்லிப் படுகை போட்டு அதையும் இறுக்கி, அதற்கு மேல் 20 முதல் 40 மி.மீ. வரை மணல் பரப்பிக் கல்லைப் பதிக்க வேண்டும். பிறகு பிளேட் வைப்ரேட்டர் ஓட்டி, இடுக்குகளில் நுண்மணல் நிரப்ப வேண்டும். ஓரம் முழுக்கக் கர்ப் கல் கட்டாயம். ஓரம் பிடிப்பில்லாமல் நகர்ந்தால் கற்கள் ஒன்றையொன்று பிடித்து நிற்க முடியாது. ரப்பர் சுத்தியலால் தட்டி முடிக்கிறேன் என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். தளத்தின் சரிவு வீட்டைவிட்டு விலகி, மழைநீர் சேகரிப்புத் தொட்டியை நோக்கி இருக்கட்டும்.

வழவழப்பான டைல்ஸ் போர்டிகோவுக்கு ஆகாது என்பது என் தீர்மானமான கருத்து. மழை நாளில் ஸ்கூட்டரைத் திருப்பும்போது அதன் விலை தெரியும். ஆன்லைனில் விற்கும், கிளிக் செய்து பூட்டும் பிளாஸ்டிக் தரைத் துண்டுகள் கூரைக்குக் கீழே மட்டமான சிமென்ட் தளம் இருந்தால் சரிப்படும். திறந்த வெயிலில் அவை விரிந்து மேலெழும். விளிம்பில் இடைவெளி விடவேண்டும். பி.வி.சி. வகையில் சூடான டயர் கறை பிடிக்கும், அது கழுவினாலும் போகாது.

வாங்கும்போது கொட்டேஷனிலேயே கனம், வலிமை, ஐ.எஸ். எண், அடிப்படுகையின் அளவு, உத்தரவாதக் காலம் ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறது என்றால் உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபாருங்கள். பில் தர மறுப்பது, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள் (அது இல்லாவிட்டால் 30 நாளுக்குள்) திரும்பப் பெற மறுப்பது இரண்டுமே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. கல்லில் குறை என்றால் விற்றவரும், பதித்ததில் குறை என்றால் ஒப்பந்தக்காரரும் பதில் சொல்ல வேண்டும். ஆன்லைன் நிறுவனம் உங்கள் புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்கக் கடமைப்பட்டது.

முதலில் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுங்கள். மசியாவிட்டால் 1915 உதவி எண். அதுவும் பலிக்காவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போய்விட வேண்டும். கல்லின் தரம் பற்றித் தகராறு வந்தால் ஆணையம் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும். அதனால் வேலை முடிந்ததும் மீந்த கற்களை எல்லாம் கொடுத்துவிடாதீர்கள். பதிக்காத கல் எட்டுப் பத்தையாவது பில்லோடு பத்திரப்படுத்துங்கள்.