மட்டாஞ்சேரிக் கூரையில் சூரிய மின்சாரம்: கணக்கு தேறுமா?

சூரிய மின்தகடு என்பது, சிலிக்கான் படிகத்தின் மீது ஒளி விழும்போது அதிலுள்ள எலக்ட்ரான்கள் விடுபட்டு ஓடும் இயல்பைக் கொண்டு நேர்மின்னோட்டம் தரும் கருவி. அதை வீட்டு விசிறிக்கும் விளக்குக்கும் ஏற்ற மாறுமின்னோட்டமாக இன்வெர்ட்டர் மாற்றுகிறது. ஒரு கிலோவாட் திறனுள்ள தகடுகள் கேரளத்து வெயிலில் ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 3 முதல் 4 யூனிட் வரை தருகின்றன. ஜூனில் தென்மேற்குப் பருவமழை கொச்சியை மூடிக்கொண்டதும் அந்த அளவு வெகுவாகச் சரிகிறது.

பகலில் எஞ்சும் மின்சாரம் மின்வாரியக் கம்பிக்குள் சென்று கணக்கில் வரவாகி, இரவில் செலவாகிறது. இந்த ஏற்பாட்டுக்கு நிகர அளவீடு என்று பெயர். 2015 ஆகஸ்டில் 12 மெகாவாட் சூரிய மின்நிலையத்தைத் தொடங்கிய, கொச்சிக்கான நெடும்பாசேரி விமான நிலையமும் பகல் உற்பத்தியை இவ்வாறே வாரியத்திடம் ஒப்படைத்து இரவில் திரும்பப் பெறுகிறது. அங்கே அதற்கென விரிந்த நிலம் இருந்தது. கொச்சியின் மட்டாஞ்சேரியில் இருப்பதோ ஒன்றோடொன்று முட்டி நிற்கும் கூரைகள்.

இலாபத்தைத் தீர்மானிப்பது தகட்டின் தரத்தைவிட வீட்டின் மின்கட்டணப் படியே. கேரளத்தில் மாதம் 250 யூனிட் வரை படிப்படியாக விலை ஏறும். அந்த எல்லையைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே ஒரே உயர்ந்த விலை விழும். 3 கிலோவாட் அமைப்புக்கு 2 லட்சம் ரூபாய் ஆகிறது என்று கொண்டால், 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீட்டுத் திட்டம் தரும் 78,000 ரூபாய் மானியம் போக, 1,22,000 ரூபாய் கைப்பணம். மாதம் 300 யூனிட் எரிக்கும் குளிர்சாதன வீடு, யூனிட்டுக்கு 7 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 25,000 ரூபாய்க்குச் சற்று மேல் மிச்சப்படுத்தினால், போட்ட பணம் ஐந்தாண்டுக்குள் திரும்பிவிடும். மாதம் 100 யூனிட்டோடு நிற்கும் வீட்டுக்கு அரசே மலிவு விலையில் மின்சாரம் தருவதால், மிச்சப்படுத்த அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. சிக்கனக்காரருக்குச் சூரியன் அவ்வளவாக உதவுவதில்லை என்பது இத்திட்டத்தின் விசித்திரம்.

கூரையும் தன் பங்குக்குச் செலவு வைக்கும். கான்கிரீட் தளத்தில் சட்டத்தை நேரே ஊன்றலாம்; பழைய மங்களூர் ஓட்டுக்கூரையிலோ ஓட்டைத் தூக்கி, அடியிலுள்ள மரச்சட்டத்தில் கொக்கியை முடுக்க வேண்டும், அந்த மரம் உளுத்திருந்தால் முதலில் தச்சரைத்தான் அழைக்க வேண்டும். உப்புக்காற்று சாதாரண இரும்பு ஆணியை விரைவில் அரிப்பதால், துருப்பிடிக்காத எஃகும் அலுமினியச் சட்டமும் தேவைப்படுகின்றன. இனி நிழல்: தகட்டின் மின்கலங்கள் தொடராகப் பிணைக்கப்பட்டிருப்பதால், மசாலாப் பண்டகசாலையில் வரிசையாக நின்று மூட்டையைக் கைமாற்றுவோரில் ஒருவர் தளர்ந்தால் வரிசையே தளர்வதுபோல, ஒரு தென்னங்கீற்றின் நிழல் தன் பரப்புக்கு மீறிய இழப்பை உண்டாக்கும், நிழல்பட்ட பகுதியைச் சுற்றிச் செல்ல வழிவிடும் டையோடுகள் அதை ஓரளவே ஈடுசெய்யும்.

வாங்குவோர் பலரும் பிந்தியே அறியும் செய்தி ஒன்று உண்டு: பேட்டரி இல்லாத அமைப்பு, மின்தடை நேர்ந்தவுடன், கம்பியைப் பழுதுபார்க்கும் ஊழியரின் உயிர் காக்கத் தானே நின்றுவிடும், அந்நேரம் வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் விசிறி சுழலாது.