வெப்பமானி பொய் சொல்லுமா?

சித்திரை பிறந்துவிட்டால் மதுரையில் எங்கும் வெயில் பேச்சுதான். செய்திகளில் மதுரை நகரம், மதுரை விமான நிலையம் என இரு இடங்களின் வெப்பநிலைகள் தனித்தனியே வருவதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டும் எப்போதும் ஒத்திருப்பதில்லை. இது தவறன்று, இடத்துக்கு இடம் வெப்பம் மாறும். ஆனால் அளவீடே தவறாகிவிடுவதும் உண்டு. அதை எவ்வாறு கண்டுபிடிப்பது?

1922 செப்டம்பர் 13ஆம் நாள் லிபியாவின் எல் அசிசியா என்னும் ஊரில் 58 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. உலகின் மிக உயர்ந்த வெப்பநிலை என்று நூல்கள் அதை 90 ஆண்டுகள் கூறிவந்தன. பின்னர் வல்லுநர் குழு ஒன்று அந்த ஊரின் பழைய பதிவேட்டைப் புரட்டியது. பதிவு செய்தவர் அனுபவமற்றவர். எண்களைக் கட்டம் மாற்றி எழுதியிருந்தார். அக்கம்பக்கத்து ஊர்களின் அளவுகளோ 58உடன் பொருந்தவில்லை.

அங்கிருந்தது பெரும சிறும வெப்பமானி. அதில் பாதரசம் உயரும்போது ஒரு சிறு குறிமுள்ளை மேலே தள்ளும். பாதரசம் இறங்கினாலும் முள் அங்கேயே நிற்கும். முள்ளின் கீழ்முனையைப் பார்த்தே அளவைக் குறிக்க வேண்டும். அவர் மேல்முனையைப் பார்த்திருக்கலாம் என்பது குழுவின் முடிவு. முள்ளின் நீளம் ஏறத்தாழ 7 டிகிரிக்குச் சமம்! 2012இல் உலக வானிலை அமைப்பு அந்தச் சாதனையை நீக்கியது.

நம் நாட்டிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. 2024 மே 29 அன்று தில்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி காட்டியது. அன்று தில்லியின் மற்ற இடங்களில் 45.2 முதல் 49.1 வரையே இருந்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறை தரமான கருவியுடன் ஒப்பிட்டுப் பார்த்தது. முங்கேஷ்பூர் உணர்வி 3 டிகிரி கூடுதலாகக் காட்டுவது தெரிந்தது.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்கலாம். பழைய பொய் உச்சம் நிலைத்துவிட்டால், இன்றைய மெய்யான வெப்பம் சிறிதாகத் தோன்றும். புதிய பொய் உச்சத்தை ஏற்றாலோ வீண் அச்சம் பரவும். அதற்காக, நமக்குப் பிடிக்காத எண்ணை எல்லாம் தள்ளிவிடவும் கூடாது. திருத்துபவர் காரணத்தைக் காட்ட வேண்டும். பழைய எண்ணையும் அழிக்காமல் வைக்க வேண்டும்.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். ஒரே மாதிரியான இரு வெப்பமானிகளை முதலில் நிழலில் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். பிறகு ஒன்றை வேப்பமர நிழலிலும், மற்றொன்றை வெயில்படும் மொட்டைமாடியிலும் வையுங்கள். வெயிலில் உள்ளது காற்றின் வெப்பநிலையைக் காட்டாது. தானே சூடேறிய அளவைத்தான் காட்டும். எண்ணோடு இடத்தையும் நேரத்தையும் குறித்துவையுங்கள். உங்கள் கணக்கைப் பிறர் சரிபார்க்க அதுவே வழி.