கம்பைலரின் மறுப்பு

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு நகரின் குடிநீர்த் தொட்டியில் நீர்மட்டம் அளக்கும் கருவிக்கு நான் நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். 10 நிமிஷத்திற்கு ஒரு முறை அந்தக் கருவி விழித்தெழும், நேரத்தையும் நீரின் உயரத்தையும் குறித்துக்கொள்ளும், மீண்டும் உறங்கிவிடும். வாரக் கடைசியில் அந்தக் குறிப்புகளை அலுவலகத்துக் கம்ப்யூட்டருக்கு மாற்றிப் படம் வரைந்து பார்ப்பார்கள். ஈராண்டுக் காலம் ஒரு குறையுமின்றி இது நடந்து வந்தது. பிறகு அலுவலகத்தில் பழைய கம்ப்யூட்டரை அகற்றிவிட்டுப் புதியதொன்றை வாங்கினார்கள். நானும் என் நிரலை அதற்கேற்ப மறுபடி கம்பைல் செய்து கொடுத்தேன். அடுத்த வாரம் வந்த படத்தைக் கண்டு யாவரும் திகைத்துப் போனோம். 5 மீட்டர் ஆழமுள்ள தொட்டியில் நீர் 65 மீட்டர் வரை ஏறுகிறது, ஒரே கணத்தில் அடியோடு வற்றுகிறது, மறுபடியும் ஏறுகிறது. ரம்பத்தின் பற்களைப் போல இருந்தது அந்தப் படம்!

கருவிதான் பழுது என்று தீர்மானித்தார்கள். மிதவையைக் கழற்றிப் பார்த்தார்கள்; கம்பியை மாற்றினார்கள். ஒரு தொழிலாளி மழையிலே வழுக்கும் இரும்பு ஏணியில் இரண்டு முறை ஏறி இறங்கினார். கடைசியில் புதுக் கருவியே வாங்கிப் பொருத்தினார்கள். ரம்பம் மட்டும் மாறவில்லை.

ஓர் இரவு அந்த எண்களை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வோர் எண்ணும் முந்தைய எண்ணைவிடச் சரியாக 1200 மிகுதியாக இருந்தது. ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. நீர் இவ்வளவு கணக்காக ஏறுமோ? உலகத்தில் இப்படித் தவறாமல் ஏறுவது காலம் ஒன்றுதான். 1200 விநாடி என்பது 20 நிமிஷம். அதாவது கருவி இரண்டு குறிப்புகள் எழுத எடுத்துக்கொள்ளும் நேரம். நாங்கள் நீரின் உயரம் என்று நினைத்து வரைந்தது கடிகாரத்தைத்தான்! அதன் கடைசி 16 பிட்டுகள் 65,535 வரை ஏறிப் பூஜ்யத்திற்குத் திரும்புகின்றன. அதை மில்லிமீட்டராகக் கொண்டால் அறுபத்தைந்தரை மீட்டர்.

இது எப்படி நேர்ந்தது என்பதற்குச் சி மொழியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில், 1970களின் தொடக்கத்தில், டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய மொழி அது. யந்திரத்தோடு மிக நெருங்கிப் பழகும் மொழியாதலால், இன்றும் ஆபரேட்டிங் சிஸ்டம் போன்ற அடித்தளப் பணிகளுக்கு அதையே பெரிதும் கையாளுகிறார்கள். அம்மொழியில் ‘ஸ்ட்ரக்ட்’ என்று ஒன்று உண்டு. பல செய்திகளை ஒரே கட்டாக வைத்துக்கொள்ளும் பெட்டி என்று அதைச் சொல்லலாம். என் பெட்டியில் மூன்று அறைகள். நேரத்திற்கு ‘லாங்’ என்னும் வகை. உயரத்திற்கும் தொட்டியின் எண்ணுக்கும் ‘ஷார்ட்’ என்னும் வகை. பழைய 32 பிட் யந்திரத்தில் லாங் 4 பைட், ஷார்ட் இரண்டும் சேர்ந்து 4 பைட். ஆகப் பெட்டி 8 பைட். புதிய யந்திரத்திலிருந்த 64 பிட் லினக்ஸிலோ, லாங் என்பதே 8 பைட்! ஷார்ட் இரண்டையும் சேர்த்தால் 12. அதோடும் நிற்கவில்லை. இத்தகைய பெட்டிகளை அடுத்தடுத்து வைக்கும்போது ஒவ்வொன்றும் எட்டின் மடங்கில் தொடங்க வேண்டும் என்பதற்காகக் கம்பைலர் வாலில் 4 வெற்று பைட்டுகளையும் சேர்த்துவிடும். ஆகப் பெட்டி 16. கருவி எழுதிய இரண்டு குறிப்புகளை என் நிரல் ஒன்றாகக் கருதி விழுங்கியது. உயரம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டாவது குறிப்பின் நேரம் வந்து அமர்ந்துகொண்டது. இதே 64 பிட் யந்திரத்தில் விண்டோஸ் ஓடினால் லாங் 4 பைட்டாகவே இருக்கும் என்பது இன்னொரு விந்தை.

பெட்டி 8 பைட் என்பது என் மனத்தில் இருந்தது. நிரலில் அதை நான் எங்கும் சொல்லவில்லை. அதுதான் என் குற்றம்.

அதை எங்ஙனம் சொல்வது? சி மொழியில் ‘அஸெர்ட்’ என்றொரு மேக்ரோ நெடுங்காலமாக உண்டு. நாம் எழுதும் ஒரு சுருக்கத்தை, கம்பைல் ஆவதற்கு முன்பே, விரித்து எழுதித் தருவது மேக்ரோ. ‘இது மெய்யென்று உறுதி கூறுகிறேன், பொய்யானால் நின்றுவிடு’ என்பது அஸெர்ட்டின் பொருள். ஆனால் அது நிரல் ஓடும்போதுதான் பார்க்கும். அதுவும் அந்த வரிக்கு ஓட்டம் வந்து சேர்ந்தால்தான் பார்க்கும். நள்ளிரவில் தொட்டியின் உச்சியில் ஒரு கருவி நின்றுபோனால் யாருக்குத் தெரியும்? வெளியீட்டுக்குத் தயாரிக்கையில் அஸெர்ட்டுகளை ஒரே சொல்லால் நீக்கிவிடும் வழக்கமும் உண்டு. பெட்டியின் அளவோ, ஓடிப் பார்த்து அறிய வேண்டிய செய்தியன்று. கம்பைல் ஆகும்போதே கம்பைலருக்கு அது தெரியும். தெரிந்தவரை அப்போதே கேட்டுவிடுவதுதானே முறை?

ஆனால் கேட்பதற்கு அந்நாளில் வாய்ப்பில்லை. ‘இப்படியானால் நிறுத்து’ என்று சொல்லும் வசதி முன்செயலி என்னும் முதற்கட்டத்தில் உண்டு. அந்தக் கட்டத்திலோ பெட்டிகளின் அளவு இன்னும் தெரியாது. அளவு தெரியும் கட்டத்தில் நிறுத்தச் சொல்லும் சொல் இல்லை. ஆகவே நிரலாளர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். தச்சரிடம் சென்று, ‘கணக்குச் சரியானால் ஒரு அறையுள்ள பீரோ செய்யும், தவறானால் மைனஸ் ஒரு அறையுள்ள பீரோ செய்யும்’ என்றால் என்ன ஆகும்? கணக்குத் தவறிய அன்று அவர் உளியைக் கீழே வைத்துவிடுவார். இங்கே பீரோ என்பது ‘அரே’ எனப்படும் வரிசை. நிபந்தனை மெய்யானால் அதன் நீளம் 1. பொய்யானால் மைனஸ் 1. எதிர்மறை நீளமுள்ள வரிசையைச் சி மொழி ஏற்காது. கம்பைலர் மறுத்து நின்றுவிடும். நிபந்தனை மெய்யாயிருந்தால் அந்த வரிசையால் ஓடும் நிரலுக்கு ஒரு பைட் பாரமும் இல்லை.

விண்டோஸின் ‘சி அஸெர்ட்’ இந்த வகைதான். லினக்ஸில் இதற்குப் ‘பில்ட் பக் ஆன்’ என்று பெயர். அங்கே ஒரு நுட்பம்: நடக்க வேண்டியதையன்று, நடக்கக்கூடாததையே எழுத வேண்டும். புதிதாக வருபவர்கள் தலைகீழாக எழுதிவிட்டுக் கம்பைலரைத் திட்டுவார்கள், நானும் திட்டியிருக்கிறேன்.

தச்சர் உளியைக் கீழே வைப்பாரேயன்றிக் காரணம் சொல்ல மாட்டார். ‘வரிசையின் நீளம் எதிர்மறை’ என்று மட்டுமே கம்பைலர் முறையிடும். ஆகையால் அந்த வரிசைக்கே ‘பதிவின் அளவு 8 அன்று’ என்பது போலப் பெயர் சூட்டினார்கள். பிழைச்செய்தியில் பெயரும் வருமல்லவா?

இந்த யுக்தியில் ஒரு பொல்லாத ஓட்டையும் உண்டு. 1999-ஆம் ஆண்டின் சி தரம், ஃபங்ஷனுக்குள்ளே, ஓடும்போது நீளம் தீர்மானமாகும் வரிசைகளை அனுமதித்தது. அது முதல், நிபந்தனையில் தவறிப்போய் ஒரு மாறியை எழுதிவிட்டால், கம்பைலர் ‘நீளத்தை ஓடும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று பேசாமல் போய்விடும். சோதனை இருப்பது போலத் தோன்றும், சோதனை இராது. சோதனையே இல்லாத நிரலைவிட இது மோசம் என்பேன்; இல்லாத இடத்தில் நாமாவது விழிப்பாக இருப்போம். இதற்கு மாற்றாக, வரிசையை விட்டு, ஸ்ட்ரக்டுக்குள் மைனஸ் ஒரு பிட் அகலமுள்ள உறுப்பைக் கேட்கும் வழியைக் கண்டார்கள். பிட் அகலம் மாறிலியாகவே இருக்க வேண்டுமாதலால் அங்கே தப்ப முடியாது.

முடிவில் மொழியே இறங்கி வந்தது. 2011-ஆம் ஆண்டின் தரத்தில் ‘ஸ்டாடிக் அஸெர்ட்’ என்பது சி மொழியின் சொற்களில் ஒன்றாயிற்று. நிபந்தனையை எழுதி, அது பொய்த்தால் காட்ட வேண்டிய வாக்கியத்தையும் நாமே எழுதலாம். 2024-இல் வெளியான தரத்தில் அந்த வாக்கியம் கட்டாயமில்லை என்றும் தளர்த்திவிட்டார்கள். நான் வாக்கியத்தை விடுவதில்லை. இரண்டு ஆண்டு கழித்து அதைப் படிக்கப்போகிறவர் யாரோ, அவருக்கு எழுதும் கடிதம் அது.

எல்லாப் பிழையையும் இது தடுக்குமா என்றால், தடுக்காது. மிதவை அனுப்பும் எண் நம்பத் தக்கதா என்பது கம்பைலருக்கு எப்படித் தெரியும்? அதை ஓடும்போதுதான் பார்க்க வேண்டும். அளவு சரியாயிருந்தும் உள்ளே அறைகள் இடம் மாறியிருக்கலாம். ஆகையால் நான் இப்போது பெட்டியின் அளவை மட்டுமன்றி, உயரம் நான்காவது பைட்டுக்குப் பின் தொடங்குகிறதா என்பதையும் தனியொரு வரியில் கேட்டுவிடுகிறேன். லாங் என்பதையும் கைவிட்டு, எங்கும் 32 பிட்டாகவே இருக்கும் வகையைக் கையாளுகிறேன்.

சென்ற ஆண்டு வேறொரு கருவியின் நிரலைப் புது யந்திரத்திற்கு மாற்றினோம். காலையில் கம்பைல் செய்யத் தொடங்கியதும் அது நின்றுவிட்டது. என்னோடு பணிபுரியும் இளைஞர், “ஐயா, இந்த ஒரு வரிதான் தடுக்கிறது, எடுத்துவிடட்டுமா?” என்று கேட்டார். அந்த வரியின் வாக்கியத்தை உரக்கப் படிக்கச் சொன்னேன். ‘கருவி 12 பைட் எழுதுகிறது, இங்கே அளவு மாறியிருக்கிறது’ என்று படித்தார். படித்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பெட்டியின் அறைகளை ஒவ்வொன்றாகத் தாளில் வரையத் தொடங்கினார். பகல் சாப்பாட்டுக்கு முன் வேலை முடிந்தது. ஏணியில் யாரும் ஏற வேண்டியிருக்கவில்லை.