ஆலையில் பிறக்கும் வீடு

பூகம்பமோ வெள்ளமோ ஓர் ஊரை அழித்துவிட்ட மறுநாள், பள்ளிக்கூடத் தரையில் படுத்திருக்கும் குடும்பங்களைப் பார்த்து, கல்லும் மணலும் சேர்ந்து கொத்தனாரும் அகப்படும்வரை பொறுத்திருங்கள் என்று சொல்ல எந்த அரசாங்கத்துக்கும் மனம் வராது. ஆகையால்தான், சுவரும் ஜன்னலும் மின்கம்பியும் பொருத்திய அறைகளை ஆலையிலேயே தயாரித்து, லாரியில் ஏற்றிவந்து, கிரேனால் இறக்கி இணைத்துவிடும் ‘மாடுலர்’ முறை உலகெங்கும் கவனத்தைக் கவர்ந்திருக்கிறது. ஆலையில் அறைகள் உருவாகும் அதே வாரங்களில் மனையில் அஸ்திவாரமும் குழாய்களும் அமைத்துவிடலாம் என்பதே இதன் பிரதான அனுகூலம்.

இத்தகைய வேகத்தின் பயனையும் விலையையும் ஒருங்கே கண்ட தேசம் ஜப்பான். 1995 ஜனவரி 17 அதிகாலையில் கோபே நகரைக் குலுக்கிய பூகம்பம் 6,400 பேருக்கு மேல் பலிகொண்டது; ஆலையில் தயாரான பாகங்களைக் கொண்டு அவ்வாண்டிலேயே சுமார் 48,000 தற்காலிக வீடுகள் எழும்பின. ஆயினும், நகருக்குள் போதிய நிலம் கிடைக்காததால் பல குடியிருப்புகள் புறநகரிலும், கடலைத் தூர்த்து உண்டாக்கிய தீவுகளிலும் அமைந்தன. முதியோருக்கு முன்னுரிமை தந்து குலுக்கல் முறையில் வீடு ஒதுக்கியது நியாயமாகவே தோன்றிற்று; ஆனால் நெடுங்காலம் ஒரே தெருவில் வாழ்ந்தவர்கள் திசைக்கொருவராகச் சிதறியதில், 200 பேருக்கு மேல் அவ்வீடுகளில் ஏனென்று கேட்க ஆளின்றித் தனிமையில் இறந்துபோனார்கள். இரண்டு ஆண்டுகளுக்கென எழுப்பிய வீடுகளிலிருந்து கடைசிக் குடியிருப்பாளர் வெளியேறியது 2000-ம் ஆண்டில்.

2011 மார்ச் மாத ஆழிப்பேரலைக்குப் பின், மலைக்கும் கடலுக்கும் நடுவே சமநிலம் அரிதாயிருந்த, வடகிழக்கு ஜப்பானின் ஓனகாவாவில், கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் வேறொரு உபாயத்தைக் கையாண்டார். பேஸ்பால் மைதானத்தில் கன்டெய்னர்களைச் சதுரங்கப் பலகையின் கட்டங்கள்போல ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்றடுக்கு வரை அடுக்கி, பெட்டிக்குள் குளியலறையும் குழந்தைகள் அறையும், இடைவெளிகளில் வெளிச்சம் நிறைந்த கூடமுமாக, சுமார் 190 குடும்பங்களுக்கு அவர் இல்லம் அமைத்தார். ஜனங்கள் கூடிப் பழகச் சந்தைக் கொட்டகை ஒன்றும் அங்கே எழுந்தது.

எனினும் சிரமங்கள் தீர்ந்துவிடவில்லை. அகலமான அறையை ஏற்றிய லாரி, இடிந்த மலைப்பாதையில் செல்லாது. கிரேன் நிற்கவும் இடம் வேண்டும். 2011-ல் அவசரமாகக் கட்டிய தற்காலிக வீடுகள் பலவற்றுக்கு, வடகிழக்கின் குளிரைத் தாங்கும் தடுப்புகளைப் பிற்பாடு சேர்க்க நேர்ந்தது. 2024 ஜனவரி 1 பூகம்பத்துக்குப் பின் நோட்டோ தீபகற்பத்தில் எழுந்த தற்காலிக வீடுகள் சிலவற்றில், அவ்வாண்டு செப்டம்பர் மழையில் வெள்ளமே புகுந்தது. வீடு புதிதாயினும் நிலம் ஆற்றோரத் தாழ்நிலமாயிருந்ததே காரணம்.

ஜப்பானிய மாகாணங்கள் ஆபத்து வருமுன்பே வீட்டு உற்பத்தியாளருடன் ஒப்பந்தம் செய்துவைக்கின்றன. அதே முன்யோசனையோடு, மேட்டு நிலம் எங்கே, எந்தத் தெருவார் எவரோடு சேர்ந்து குடியேறுவது என்பதையும் நிர்ணயித்துவைத்தால்தான், ஆலை மிச்சப்படுத்தித் தரும் மாதங்கள் மனிதருக்குப் பயன்படும்.