மோட்டார் வண்டியில் இன்னொலியும் கடகடப்பும்

நம் கல்லூரி விஞ்ஞான ஆய்வுகூடத்தில் சுரமானி என்னும் கருவியைக் கையாண்ட அன்பர்கள் ஒரு காட்சியை மறந்திருக்கமாட்டார்கள். இழுத்துக் கட்டிய கம்பியின்மேல் சிறு கடதாசித் துண்டொன்றை மடித்து வைப்போம். இசைக்கவையைத் தட்டி, அதன் அடியைப் பெட்டியின்மீது ஊன்றுவோம். கம்பியின் நீளம் பொருந்தாதவரை கடதாசி அசையாதிருக்கும். பொருந்திய கணத்திலோ எவரும் தொடாமலே துள்ளிக் கீழே விழும். இதுவே பரிவு என ஆசிரியர் விளக்குவார். ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கென ஓர் இயல்பு மீடிறன் உண்டு. அதே மீடிறனில் வெளியிலிருந்து வரும் அதிர்வு சிறிதாயினும் அப்பொருள் பெரிதாய் அதிரும் என்பது அப்பாடத்தின் சாரம். பரீட்சைக்காக யான் படித்த இவ்வுண்மையை, பல்லாண்டுகள் கழிந்தபின் என் மோட்டார் வண்டியின் கதவு எனக்கு மீண்டும் கற்பித்தது.

நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆதலால் என்னைப் போன்ற பலர், இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட யப்பானிய வண்டிகளைப் பேணியே காலங் கழித்து வருகின்றோம். அத்தகைய வண்டிகளில் முதலிலே பழுதடையும் உறுப்புகளுள் ஒன்று கதவிலுள்ள ஒலிபெருக்கி. அதன் கூம்பு பெரும்பாலும் கடதாசியால் ஆனது. விளிம்பு நுரையால் ஆனதாயின், எம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் பொடியாய் உதிர்ந்துவிடும். என் வண்டியிலும் அவ்வாறே நேர்ந்தது. கடையொன்றிற்குச் சென்றேன், பெட்டியின்மேல் "300 வாட்டு" எனப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்த சோடி ஒன்றை வாங்கிப் பூட்டுவித்தேன்.

அடுத்த வாரம் பழைய மாணவர் ஒன்றுகூடலுக்காக நாம் நால்வர் அவ்வண்டியிலே கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் புறப்பட்டோம். எமக்குப் பௌதிகம் கற்பித்து, ஓய்வு பெற்று, இன்று எம்மிடையே இல்லாத ஆசிரியர் ஒருவரின் பிரியாவிடை உரை பழைய ஒலிநாடா ஒன்றிற் பதிவாகியிருந்தது. அதனை நண்பரொருவர் புதிய முறையிற் படியெடுத்து வந்திருந்தார். வவுனியாவைத் தாண்டியதும் அதனை ஒலிக்கவிட்டோம். ஆசிரியரின் குரல் கனத்த குரல். அவர் குரல் தாழுந்தோறும் கதவு "கிர்ர்" என்று இரைந்தது. ஒலியைக் கூட்டினோம், இரைச்சலும் உடன் கூடியது. உரையின் இறுதிப் பகுதியில் அவர் யாரையோ பெயர் சொல்லி நன்றி கூறுவது தெரிந்தது. யாரென்று மட்டும் ஒருவருக்கும் கேட்கவில்லை. "பிறகு கேட்பம்" என்று சொல்லி நிறுத்திவிட்டோம்.

அப்பயணத்தின் பின் யான் கற்றுக்கொண்டவற்றைப் பழைய மாணவருக்கும், இன்று ஆய்வுகூடத்தில் நிற்கும் இளைய மாணவருக்கும் பயன்படுமெனக் கருதி இங்கே எழுதுகின்றேன்.

இன்று நாம் பயன்படுத்தும் அசையுஞ் சுருள் ஒலிபெருக்கியின் அமைப்பை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ரிக் கம்பனியைச் சேர்ந்த செஸ்ரர் றைஸ், எட்வேட் கெலொக் என்னும் இருவர் 1925இல் வெளியிட்டனர். கொழும்பிலே வானொலி ஒலிபரப்புத் தொடங்கியதும் அவ்வாண்டின் டிசம்பர் மாதத்திலேயாம். அதன் தத்துவம் எளிது. காந்தப் புலத்தில் நிற்கும் சிறு கம்பிச் சுருளினூடு மின்னோட்டம் பாயும்போது சுருள் முன்னும் பின்னும் அசைகின்றது; அதனோடு ஒட்டிய கூம்பு காற்றைத் தள்ளியும் இழுத்தும் ஒலியை எழுப்புகின்றது.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. கூம்பு முன்னே காற்றை நெருக்கும் அதே கணத்தில் பின்னே காற்றை ஐதாக்குகின்றது. முன்னலையும் பின்னலையும் ஒன்றுக்கொன்று எதிரானவை. இரண்டுஞ் சந்திப்பின் ஒன்றையொன்று அழிக்கும். உயர்ந்த சுரங்களுக்கு இதனாற் பெருந்தீங்கில்லை. தாழ்ந்த சுரங்களின் அலைநீளமோ மிகப் பெரிது. ஒலியின் வேகத்தைச் செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் எனக் கொண்டால், 100 ஹேட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீற்றர், 50 ஹேட்ஸ் ஒலியினது 6.8 மீற்றர். இத்துணை நீண்ட அலைகள் கதவின் உட்தகட்டிலுள்ள துவாரங்கள் வழியே சுற்றி வந்து முன்னலையைக் கெடுத்துவிடும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து ஒலி பல வண்டிகளிற் கேளாது போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே கதவானது ஒலிபெருக்கியைத் தாங்கும் வெறும் சட்டமன்று. அதுவே அதன் பெட்டி. வீணைக்குக் குடம் எப்படியோ, ஒலிபெருக்கிக்குக் கதவு அப்படி. குடம் வெடித்த வீணைக்குப் புதுத் தந்தி பூட்டிப் பயனில்லை.

இனி வாட்டுக் கணக்கைப் பார்ப்போம். வண்டி ஓடும்போது அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோற்று. வண்டியிலுள்ள வானொலிப் பெட்டியின் சாதாரண விரியலாக்கி இதற்கு மேற்பட்ட உச்ச அழுத்தத்தைத் தரமாட்டாது. உச்சத்தை 2இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 10.2 வோற்று வரும். அதனை வர்க்கித்து, ஒலிபெருக்கியின் தடங்கலாகிய 4 ஓமினால் வகுத்தால் கிடைப்பது 26 வாட்டு. நடைமுறையில் திரிபின்றிக் கிடைப்பது இதனினுங் குறைவு. வானொலியின் முகத்தில் 50 வாட்டு என்று பொறித்திருப்பது கணநேர உச்சத்தையே குறிக்கும். இந்நிலையில் 300 வாட்டு ஒலிபெருக்கி எதற்கு? நாம் பார்க்கவேண்டியது அதன் உணர்திறன். ஒரே வலுவுக்கு 3 டெசிபெல் கூடுதலாக ஒலிக்கும் ஒலிபெருக்கி, விரியலாக்கியின் வலுவை இருமடங்காக்கியதற்கு ஒப்பாகும். தனி விரியலாக்கி பூட்ட எண்ணாதோர் உணர்திறன் மிக்கதும், விளிம்பு றப்பரால் ஆனதுமான ஒலிபெருக்கியை நாடுதல் நன்று.

அவ்வாறாயின் கதவைச் செம்மைசெய்வது எங்ஙனம்? முதலில் பற்றறியின் இணைப்பைக் கழற்றி விடுக. கதவின் உள்மூடியைத் தாங்கும் கிளிப்புகளை ஒவ்வொன்றாக, அவசரமின்றி நெம்பி எடுக்க. உடைந்த கிளிப்பே பல கடகடப்புகளின் பிறப்பிடம். ஆதலின் புதியன சிலவற்றை முன்னரே வாங்கி வைத்திருத்தல் நலம். உள்ளே காணும் வெளித்தகடு மெல்லியது. விரலாற் சுண்டினால் தகரம்போல் ஒலிக்கும். அதனைத் துடைத்து, ஸ்பிறிற்றினால் எண்ணெய்ப் பசை நீக்கி, அலுமினியப் படலம் ஒட்டிய பியூற்றைல் றப்பர்த் தாளை அழுத்தி ஒட்டவேண்டும். தகடு அதிரும்போது படலத்துக்கும் தகட்டுக்குமிடையே றப்பர் இழுபட்டு, அதிர்வின் சக்தியைச் சிறிது வெப்பமாக மாற்றிவிடும். தகடு முழுவதையும் மூடவேண்டுமென்பதில்லை. அதன் நடுப்பாகத்தில் நான்கில் ஒரு பங்கை மூடினாலே பரிவு பெரிதும் அடங்கிவிடும். மலிவென்றெண்ணிக் கூரைக்கு ஒட்டும் தார்த் தாளை ஒட்டுவோர் உளர். எம் வெயிலில் அது இளகி வழிந்து நாற்றமெடுக்கும்.

பின்னர் உட்தகட்டின் பெருந்துவாரங்களை மூடி, ஒலிபெருக்கிக்கும் தகட்டுக்குமிடையே நுரை வளையம் வைத்து இறுக்குக. கதவினுள்ளே தொங்கும் மின்கம்பிகளையும் பூட்டுக் கம்பிகளையும் துணிநாடாவாற் சுற்றுக. மூன்று எச்சரிக்கைகளை மறவாதிருக்க. கதவின் அடியிலுள்ள நீர்வடி துவாரங்களை ஒருபோதும் அடைத்தலாகாது. அடைத்தாற் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். கண்ணாடியை முற்றாக இறக்கி, அது ஒலிபெருக்கியின் காந்தத்தில் முட்டாதிருப்பதை உள்மூடி பூட்டுமுன் உறுதிசெய்க. பக்கக் காற்றுப்பைகள் உள்ள வண்டியாயின், பயிற்சி பெற்றவரிடமே வேலையை ஒப்படைக்க.

இரு ஒலிபெருக்கிகளும் ஒரே திசையில் இணைக்கப்படல் வேண்டும். இதனையறிய ஒன்றரை வோற்று மின்கலம் ஒன்று போதும். ஒலிபெருக்கியின் கம்பிகளை விரியலாக்கியிலிருந்து விடுவித்து, நேர் முனையை நேர் முனையிலும் மறை முனையை மறை முனையிலும் ஒரு கணம் தொடுக. கூம்பு வெளியே வரும். ஒன்று வெளியேயும் மற்றையது உள்ளேயும் அசையுமாயின் இணைப்பு மாறியுள்ளது, தாழ்சுரம் மெலிந்துபோகும்.

இவ்வளவுஞ் செய்தபின்னும் எஞ்சும் கடகடப்பைத் தேடுவதற்கே நம் சுரமானிப் பாடம் உதவுகின்றது. கைத்தொலைபேசியிலே ஒரே சுரத்தை எழுப்பும் செயலிகள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. வண்டியை அமைதியான இடத்தில் நிறுத்தி, 30 ஹேட்ஸில் தொடங்கி 200 ஹேட்ஸ் வரை மெல்ல ஏற்றிச் செல்க. ஒவ்வொரு தளர்ந்த உறுப்பும் தன் மீடிறன் வந்ததும், அன்று கடதாசித் துண்டு துள்ளியதுபோல், தானே தன்னைக் காட்டிக்கொடுக்கும். அவ்விடத்திற் சுரத்தை நிறுத்திவைத்து, கையால் ஒவ்வோர் இடமாக அழுத்துக. எங்கே அழுத்தும்போது இரைச்சல் நிற்கின்றதோ அங்கே கம்பளித் துண்டோ நுரைத் துண்டோ வைத்தாற் போதும். என் வண்டியில் 110 ஹேட்ஸ் அளவில் இரைந்தது, கதவின் கைப்பிடிக்குப் பின்னாலிருந்த ஒரேயொரு திருகாணி. ஆண்குரலின் அடிச்சுரம் பெரும்பாலும் இப்பகுதியிலேயே அமைவது. ஆசிரியரின் குரல் தாழுந்தோறும் கதவு இரைந்த காரணம் அப்போதுதான் விளங்கிற்று.

ஆயினும் சுரத்துக்கு அசையாத சத்தமொன்று எஞ்சியிருந்தது. குழியில் வண்டி இறங்கும்போது மட்டும் முன்புறத்தில் "டொக்" என்று ஒலித்தது. அதுவும் கதவின் சேட்டையே என எண்ணி, மேலுமொரு றப்பர்த் தாள் ஒட்ட இருந்தேன். எங்கள் ஊர் மெக்கானிக் தம்பி வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது கதவில இருந்து வாற சத்தமில்லை, சில்லுப் பக்கத்தை ஒருக்கால் பாப்பம்" என்றார். முன் சில்லைத் தாங்கும் போல் ஜொயின்ற் தேய்ந்து, கழன்று விழும் நிலையில் இருந்தது. அது ஓட்டத்திற் கழன்றிருப்பின் சில்லு மடிந்து வண்டி வழிதவறியிருக்கும். நாம் நால்வரும் கடந்த நெடுவழி என் கண்முன் வந்து நின்றது. அவ்வழி நெடுகிலும் அச்சத்தம் எம்மை எச்சரித்தே வந்திருத்தல் கூடும். நாமோ வானொலியைக் கூட்டிக்கொண்டிருந்தோம்.

ஆதலால் அன்பர்காள், ஒலியைக் கூட்டுமுன் அதிர்வைக் குறையுங்கள். அதிர்வை மூடுமுன் அதன் காரணத்தை அறியுங்கள். வண்டி நிற்கையில் இசையோடு மட்டும் வருவது கதவின் அல்லது உள்மூடியின் குற்றம். எஞ்சின் ஓடுகையில் நின்ற இடத்திலேயே வருவது பெரும்பாலும் புகைக்குழாயின் அல்லது அதன் வெப்பக் காப்புத் தகட்டின் தளர்ச்சி. குழியிலும் திருப்பத்திலும் தடை அழுத்தும்போதும் வருவது சில்லு, தாங்கமைப்பு, தடை ஆகியவற்றின் முறைப்பாடு. இறுதியிற் சொன்னதைப் பஞ்சு வைத்து அடக்குதல், காய்ச்சல்காரனின் வெப்பமானியை ஒளித்து வைப்பதை ஒக்கும்.

இளைய மாணவருக்கு இன்னுமொன்று. உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரைப்படி, வளர்ந்தோர் 80 டெசிபெல் ஒலியை வாரத்துக்கு 40 மணிநேரம் வரை கேட்கலாம். ஒலி 3 டெசிபெல் கூடுந்தோறும் காலம் பாதியாகும்; 83இல் 20 மணிநேரம், 90இல் 4 மணிநேரமே. கடகடக்கும் வண்டியில் நாம் இரைச்சலை வெல்லவே ஒலியைக் கூட்டுகின்றோம். அமைதியான வண்டியில் குறைந்த ஒலியே போதும், செவியும் பிழைக்கும்.

கதவும் சில்லுஞ் சீரான பின்னர் ஒரு மாலை, அதே நண்பர்கள் வண்டியிலேறி அமர, வீட்டு வாயிலிலேயே அவ்வுரையை மீண்டுங் கேட்டோம். முன்னையதிற் பாதியளவு ஒலியே வைத்திருந்தோம். இறுதியில் ஆசிரியர் நன்றி கூறியது அதிபருக்கன்று, அழைக்கப்பட்ட பிரமுகருக்குமன்று. முப்பது ஆண்டுகளாக ஆய்வுகூடத்தில் குழாய்களைக் கழுவி, சுரமானிக் கம்பிகளை மாற்றிக் கட்டி, நாம் துள்ளவிட்ட கடதாசித் துண்டுகளை மாலையிற் கூட்டியள்ளிய உதவியாளருக்கே. அந்த விழாவில் மண்டபத்தின் பின்வரிசையில் நாமும் இருந்தோம். அன்றும் நமக்கு அப்பெயர் கேட்கவில்லை, நாம் பேசிக்கொண்டிருந்தோம்.